மறைந்த பெரியவரின் கைக்கணக்கு



நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பெரியத்தாவோ மாமுவோ இருந்திருப்பார். இளமையில் வெறுங்கையோடு வெளியூர் போய், பிறர் கடையில் நின்று, பிறகு சொந்தக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் அரிசி, தறிக்காரர் ஒருவருக்குப் பட்டுநூல் வாங்கக் கைமாற்று என்று சத்தமில்லாமல் கொடுத்து வந்தவர். அவர் வஃபாத்தானால் ஜனாஸாவுக்கு ஊரே திரளுகிறது. அழுகிறோம், புகழ்கிறோம். வரும் ஜூன் மாதம் அந்தப் பிள்ளையின் கட்டணத்தை யார் கட்டுவது என்று மட்டும் கேட்க மறந்து விடுகிறோம்.

கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் வணிகம் செய்தவர்கள். தம் செல்வத்தை தீனுக்காகச் செலவிட்டவர்கள். அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல ஆன பின்பும், வீட்டில் ஆடு அறுத்தால் நபி (ஸல்) அவர்கள் இறைச்சியைப் பங்கிட்டு கதீஜாவின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள். இதை அறிவிப்பவர் ஆயிஷா (ரலி) அவர்களே. மறைந்தவரின் பெயர் மட்டுமல்ல, அவருக்கு வேண்டியவர்கள் யார் யார் என்பதும் அந்த வீட்டில் நினைவில் இருந்தது.

சொந்த உழைப்பில் உயர்ந்தவர்களில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதீனாவுக்கு ஒன்றுமில்லாமல் வந்தார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் அது. பெருஞ்செல்வரான பிறகு, ஒருநாள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது, உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களுக்கு ஒரே ஒரு துணிதான் கஃபனாகக் கிடைத்தது, தலையை மூடினால் கால் தெரிந்தது என்று நினைத்து அழுதார்கள். உழைத்து உயர்ந்தவர்களின் கை தாராளமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பழைய நாட்களை அவர்கள் மறப்பதில்லை. பிள்ளைகளாகிய நாம்தான் அந்த நாட்களைப் பார்த்ததில்லை.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது. அடக்கச் செலவு போக, முதலில் அவருடைய கடன். மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான். அடுத்து வஸிய்யத், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, வாரிசுக்கும் செய்யக் கூடாது. அதன் பிறகே பாகப்பிரிவினை. அவர் எதையும் எழுதி வைக்காமல் போயிருந்தால், அவர் பெயரில் தர்மம் செய்ய விரும்புகிறவர்கள் தத்தம் பங்கிலிருந்து செய்யலாம். ஸஅத் பின் உபாதா (ரலி) ஊரில் இல்லாதபோது தாயார் இறந்தார்கள். தாம் தர்மம் செய்தால் தாயாருக்குப் பயன் உண்டா என்று நபியவர்களிடம் கேட்டு, ஆம் என்றதும் தம்முடைய தோட்டத்தையே கொடுத்தார்கள். ஆனால் வயது வராத பிள்ளையின் பங்கிலிருந்து விருந்துக்கோ தர்மத்துக்கோ ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. தாத்தா பெயரில் செய்கிறோம் என்று சொல்லி அனாதையின் பணத்தில் பிரியாணி போடுவது எந்த வகைப் புண்ணியம்?

கல்லாப் பெட்டியிலோ அலமாரியிலோ ஒரு சின்ன நோட்டு இருக்கும். யார் யாருக்குக் கைமாற்று கொடுத்தார், யாருக்கு மாதம் எவ்வளவு என்று அவர் கையெழுத்தில் இருக்கும். வரவேண்டிய கடன் வாரிசுகளின் உரிமை, மறுப்பதற்கில்லை. ஆனால் கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுக்கவும், விட்டுக் கொடுப்பது அதைவிட மேல் என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் வழிகாட்டுகிறது. இன்னொன்று: அந்த நோட்டை உறவினர் கூட்டத்தில் வைத்துப் படிக்காதீர்கள். வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியாமல் அவர் காத்த மானம், அவர் இறந்த மூன்றாம் நாளே தெருவுக்கு வந்துவிடும்.

ஆரணி, ஆற்காடு வழியாகப் போனால் வேலூர் சாலையில் மேல்விஷாரம் வரும். அந்த ஊரில் 1863இல் பிறந்தவர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப். தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் ஏழைகளுக்கும் வாரிக் கொடுத்தவர். சென்னை சென்ட்ரல் நிலையம் பக்கம் போகிற நம்மவர்கள் சித்தீக் சராயைப் பார்த்திருப்பார்கள். இரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காக அவர் கட்டிய சத்திரம் அது. தன் காசில் கட்டி, தன் தந்தையார் சித்தீக் ஹுசைன் சாஹிபின் பெயரை வைத்தார். 1938இல் அவர் மறைந்தார். 27 ஆண்டுகள் கழித்து, 1965இல், மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. தந்தையை நினைத்தவரை ஊர் நினைத்தது.

நமக்கு சத்திரம் கட்ட வசதியில்லை, கல்லூரியும் வேண்டாம். நான்கு சகோதரர்கள் இருக்கும் வீட்டில், பெரியவர் பார்த்து வந்த நான்கு குடும்பங்களை ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வது பெரிய பாரம் அல்ல. சகோதரிகளையும் கேளுங்கள், தங்கள் பங்கிலிருந்து கொடுக்க அவர்களும் விரும்பலாம். எல்லாவற்றையும் ஏற்க முடியாவிட்டால், நின்று போனால் படிப்பே நின்றுவிடும் பிள்ளைக்கு முதலிடம் கொடுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் வீட்டிலிருந்து ஒருவர் போய், இந்த ஆண்டும் கட்டணம் உண்டு என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு வரட்டும்.