விதைப் பொட்டலத்தில் இருப்பது என்ன?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மார்ச் மாத இறுதியில் நெடுஞ்சாலைகளின் ஓரங்கள் நீலநிறமாக மாறிவிடும். புளூபானெட் எனப்படும் காட்டுமலர் பூக்கும் காலம் அது. 1901-ஆம் ஆண்டிலேயே மாநில மலராக அறிவிக்கப்பட்ட இம்மலரைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். பூக்களின் நடுவே பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பர். இந்த அழகு முழுவதும் தானாக வந்ததன்று. மாநிலப் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பவுண்டு, அதாவது 13 டன்னுக்கும் அதிகமான காட்டுமலர் விதைகளைச் சாலையோரங்களில் தூவுகிறது.

இக்காட்சியைக் கண்டு ஆசைப்படும் ஒருவர், தம் வீட்டு நிலத்தில் தூவுவதற்காகக் கடையில் ‘காட்டுமலர் விதைக் கலவை’ ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தின் மேல் வண்ண வண்ணப் பூக்களின் படம் இருக்கும். உள்ளேயோ, ஐரோப்பிய வயல்களில் வளரும் பாப்பி, கார்ன்ஃபிளவர் முதலியவற்றின் விதைகள் கலந்திருக்கலாம். அவையும் ஏதோ ஒரு நாட்டின் காட்டுமலர்களே. ஆகவே, பொட்டலத்தில் உள்ள சொல் பொய்யன்று. எந்த மண்ணின் மலர் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

‘டெக்சஸ் மலர்கள்’ என்று அச்சிட்டிருந்தாலும் போதாது. அம்மாநிலத்தின் கிழக்கு எல்லையில் உள்ள ஊசியிலைக் காடுகளில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோ நகரிலோ 250 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. ஓரிடத்தில் செழிக்கும் செடி மற்றோரிடத்தில் கருகும் அல்லது அழுகும். புளூபானெட்டுக்கே நீர் தேங்காத, சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்தான் ஏற்றது. 1982-ஆம் ஆண்டு, முன்னாள் அதிபரின் துணைவியார் லேடி பேர்ட் ஜான்சன் நிறுவிய காட்டுமலர் ஆய்வு மையம், எந்த வட்டாரத்திற்கு எந்தச் செடி பொருந்தும் என்னும் பட்டியல்களை மக்களுக்கு வழங்கி வருகிறது.

தவறான விதையால் வரும் கேடு தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. இலையுதிர் காலத்தில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் புறப்பட்டு, டெக்சஸ் வழியாக மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குச் செல்கின்றன. அவற்றின் புழுக்கள் உண்பது மில்க்வீட் என்னும் பால்வடியும் செடிகளின் இலைகளை மட்டுமே. தமிழர் நன்கறிந்த எருக்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. டெக்சஸின் சொந்த மில்க்வீட் வகைகள் குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே பட்டுப்போய், வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். ஆனால், மோனார்க்குக்கு உதவ விரும்புவோர் பலர் வாங்கி நடுவது, செம்மஞ்சள் பூப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட்டை. எளிதில் வளர்வதும் கடைகளில் எளிதில் கிடைப்பதும் அதுதான். சிங்கப்பூர், மலேசியத் தோட்டங்களிலும் வண்ணத்துப்பூச்சிகளுக்காக அதே செடி வளர்க்கப்படுகிறது.

குளிர் குறைந்த தென்டெக்சஸ் பகுதியில் இச்செடி ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். அதைக் கண்ட வண்ணத்துப்பூச்சிகளில் சில பயணத்தை நிறுத்தி அங்கேயே முட்டையிடுகின்றன. நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றின் வித்துகள் அவற்றின் உடலிலிருந்து இலைகளில் உதிர்கின்றன. இலைகள் பட்டுப்போகாததால் அவ்வித்துகள் அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். அவ்விலையைத் தின்னும் புழு நோயுற்று, நீண்ட தூரம் பறக்க வலுவில்லாத வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். உதவி செய்ய நினைத்தவரின் தோட்டமே அதற்கு நோய்க்களமாகிவிடுகிறது.

பொருத்தமான விதையைத் தேடி வாங்கியவருக்கும் பொறுமை வேண்டும். புளூபானெட் விதையை இலையுதிர் காலத்தில் தூவ வேண்டும். அதன் தோல் மிகக் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. முதல் வசந்தத்தில் ஒரு பகுதியே முளைத்துப் பூக்கும். விதை பழுதென்று எண்ணி நிலத்தைக் கொத்திவிடக் கூடாது. எஞ்சியவை மண்ணில் உறங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளின் மழையில் முளைக்கும். எல்லா விதைகளும் ஒரே ஆண்டில் முளைத்து, அவ்வாண்டே வறட்சியும் வந்துவிட்டால், மறு ஆண்டு பூப்பதற்கு அங்கே ஒரு விதைகூட மிஞ்சாது.