பழைய தோலுறையும் எண்ணெயும்

காஞ்சிபுரத்துப் பழைய வீடுகளில், பட்டாளத்திலோ போலீஸிலோ உத்தியோகம் பார்த்த பாட்டனாரின் கைத்துப்பாக்கி உறை ஏதேனும் பெட்டியடியில் அகப்படுமாயின், எடுத்தவர் கை முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டியையே. சுதைத் திருமேனிகளுக்குத் தைலக்காப்புச் சாத்தக் கண்டு வளர்ந்தவர்களுக்கு எண்ணெயே ரக்ஷை என்று தோன்றுவது இயல்புதான். ஆயினும், தேங்காயெண்ணெய் சிக்கு வாடை எடுப்பதையும், ஆளிவிதையெண்ணெய் உலர்ந்து இறுகுவதையும், தோலுக்கென்றே விற்கும் மாட்டுக்கால் எண்ணெய்கூட நாளடைவில் கறுத்துப் புழுதியை இழுப்பதையும் கண்ட பிறகு, பழந்தோலுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது என்பதையே நான் விதியாகக் கொண்டிருக்கிறேன்.

உறைக்குள் ஆயுதம் இருந்தால் அதை எடுத்துத் தனியே வையுங்கள். தோலின் துவர்ப்புச் சத்தும் ஈரமும் இரும்பைத் துருவேற்றும், இரும்புக்கிட்ட எண்ணெயோ தோலில் இறங்கும். மிருதுவான தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள்.

அடுத்து, யாரும் பார்க்காத ஓர் ஓரத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். செந்தூள் ஒட்டினால் தோல் இற்றுவிட்டது என்று பொருள்; அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் முடிப்பது தென்னாட்டின் பழைய முறை. ஆவாரையின் துவர்ப்பு, காற்றிலுள்ள கந்தகப் புகையை ஏற்று அமிலமாக்கும் இயல்பினது. அவ்வாறு இற்ற தோலில் ஈரத்துணி பட்டால், பட்ட இடம் கறுத்துக் கட்டையாகிவிடும். அதற்கு வீட்டில் பரிகாரம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவிலோ, 1948இல் தொடங்கிய அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலோ யோசனை கேட்பதே உசிதம்.

உறுதியான தோலாயின், முன்பே ஊறிய எண்ணெயை வெளியே இழுக்கலாம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அவசரப்பட்டு சோப்பு போடுகிறார்கள், பெட்ரோலில் துடைக்கிறார்கள், வெயிலில் காயவைக்கிறார்கள், மூன்றுமே தோலுக்கு விரோதம். மையொற்றுத் தாளை நீளத் துண்டுகளாக்கி உறையின் உள்ளே, முக்கியமாக எண்ணெய் தேங்கும் நுனிவரை, நெருக்காமல் செருகுங்கள். வெளிப்புறத்தில் மெல்லிய தாளை விரித்து, அதன்மேல் உலர்ந்த முல்தானி மட்டியைப் பரப்பி, ஒரு பகலும் ஓர் இரவும் நிழலில் விடுங்கள். தாள் இல்லாமல் மட்டியை நேரே தூவினால், அது தையல் துளைகளில் புகுந்துகொண்டு பிறகு வரவே வராது. தாளும் மட்டியும் கறுத்தால் மாற்றுங்கள். கறுப்பது நிற்கும்வரை, வாரக்கணக்கானாலும், மாற்றிக்கொண்டே இருங்கள். அரிசிமாவைக் கொண்டு இதைச் செய்யும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அது பூச்சிகளுக்கு விருந்து வைப்பதாகும். மட்டியாலும் கறை முழுவதும் போகாது. பிசுபிசுப்பு போனால் போதும்.

தோலின்மேல் வெண்மை படர்ந்திருந்தால், அது பூஞ்சணமா கொழுப்பா என்பதைத் தீர்மானிக்காமல் தொடக்கூடாது. பல்குச்சியால் சிறிது சுரண்டிக் கரண்டியில் இட்டு, கரண்டியை மட்டும் இலேசாகச் சூடாக்குங்கள். உருகினால், பழைய எண்ணெயின் கொழுப்பு வெளியே வந்திருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். உருகாவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணமே; மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, காற்றோட்டமான திண்ணையில் துலக்குங்கள்.

பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சைக் களிம்பு தெரியும்; அது எண்ணெயின் அமிலம் செய்த வேலை. மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள்; பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் துலக்கத் துணியாதீர்கள்.

பட்டுக்குச் செய்வதுபோல, கஞ்சி முற்றும் போக அலசி உலர்த்திய பழைய பருத்தி வேட்டியில் உறையைச் சுற்றுங்கள். வடிவம் குலையாதிருக்க உள்ளே அதே துணியைச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. பட்டுப் புடவை இருக்கும் பெட்டியில் மாத்திரம் வைக்காதீர்கள். மிச்சமுள்ள எண்ணெய் பட்டில் ஏறினால் அந்தக் கறையும் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, காற்றாட விட்டு, திரும்பச் சுற்றி வையுங்கள்.