பாடம் 6 – ஆச்சிக்கு ஒரு பாட்டுப்பெட்டி

நுழையும்முன்

கடைக்குச் சென்றால் "எது சிறந்தது?" என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. அவ்வினா யாதென, மும்பையில் வாழும் தமிழ் மாணவி ஒருத்தி பாட்டுப்பெட்டி வாங்கச் சென்றபோது அறிந்துகொண்டாள். எட்டாம் வகுப்பு மாணவியாகிய அவளது அனுபவத்தை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று ஒலிநாடாக்கள்

தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அவளது குடும்பம் வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிப் பகுதித் தமிழர் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வரத் தொடங்கினர். பல்லாண்டுகளுக்குப் பின்னர், அதே தொழிலை நாடி வந்தவர் அவளுடைய தாத்தா. ஆச்சி ஊரிலேயே தங்கி, நிலத்தையும் பிள்ளைகளையும் பேணினார்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் அதைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அதனால், சொல்ல நினைத்தவை பலவற்றைத் தாத்தா எழுதாமலே விட்டார். பின்னர் அவர் ஒரு வழி கண்டார். தம் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்குச் செல்வோரிடம் கொடுத்தனுப்பினார். வெளிமாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குச் சென்ற தமிழர் பலர் அக்காலத்தில் இவ்வாறு 'கேசட் கடிதம்' அனுப்பியதுண்டு.

தாத்தா இன்று இல்லை. அவர் 1986ஆம் ஆண்டு அனுப்பிய மூன்று ஒலிநாடாக்கள் மட்டும் ஆச்சியின் தகரப்பெட்டியில் உள்ளன. அவற்றை இயக்கிய டேப்ரிக்கார்டர் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயின. ஆச்சியின் கண்பார்வையும் மங்கிவிட்டது. பகலில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வர். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையுடன் சென்றுவிடும். ஆச்சி சுவரில் சாய்ந்து அமர்ந்திருப்பார்.

தீபாவளி போனஸ் வந்ததும் தந்தை 2,500 ரூபாயை எடுத்துவைத்தார். "ஆச்சி கேட்பதற்கு ஒரு பாட்டுப்பெட்டி வாங்குவோம். எதை வாங்குவது என்று நீயே பார்த்துச் சொல்" என்று மகளிடம் கூறினார்.

பெட்டி சிறுத்த வரலாறு

ஒலிநாடா உறை 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனத்தால் அறிமுகமாயிற்று. 1979ஆம் ஆண்டு சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் கருவியை வெளியிட்டது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. 1998ஆம் ஆண்டு எம்பி3 பிளேயர் எனப்படும் எண்மிய இசைப்பெட்டி தென்கொரியாவிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதன் கொள்ளளவு வெறும் 32 மெகாபைட். 2001இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் அடக்கியது. கைப்பேசியே பாட்டுப்பெட்டியாக மாறியதால் 2022ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றது. நம் நாட்டிலோ, 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய இந்திப் பாடல்களை முன்னரே நிரப்பி, வானொலிப்பெட்டி வடிவில் 'காரவான்' என்னும் கருவியை வெளியிட்டது. பின்னர்த் தமிழ்ப் பாடல்கள் கொண்ட வகையும் வந்தது. முதியோர் பலர் அதை விரும்பி வாங்கினர்.

இத்தனை பாடல்கள் சிறு பெட்டியில் எவ்வாறு அடங்குகின்றன? குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிவைக்கிறது. அவ்வாறு எழுதினால், நான்கு நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும். பேரொலி எழும்போது அதனருகே ஒலிக்கும் சில மெல்லொலிகளை நம் செவி உணர்வதில்லை. செவி உணராத அப்பகுதிகளைக் குறைத்து எழுதும் முறையே எம்பி3. 128 கிலோபிட் அளவில் எழுதினால், அதே பாடல் நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எனவே 16 ஜிபி நினைவட்டை ஒன்றில் ஏறத்தாழ 4,000 பாடல்கள் இடம்பெறலாம்.

நாடாவிலிருந்து கோப்புக்கு

பேத்தி முதலில் பாடல்களின் எண்ணிக்கையையே எண்ணினாள். "ஆச்சி, ஐயாயிரம் பாட்டு இருக்கிற பெட்டி வேண்டுமா? பத்தாயிரம் பாட்டு இருக்கிறது வேண்டுமா?" என்று கேட்டாள்.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டு இருந்தால் நல்லதுதான், தாயி. உங்கள் தாத்தா பேசினது அதில் கேட்குமா?" என்று கேட்டார்.

அந்த மூன்று நாடாக்களுடன் மறுநாள் அவள் பள்ளிக்குச் சென்றாள். கணினி ஆசிரியை பழைய டேப்ரிக்கார்டர் ஒன்றைத் தேடி எடுத்து, அதைக் கம்பியால் கணினியோடு இணைத்தார். அந்த டேப்ரிக்கார்டரில் ஒலிநாடாவை விரைவாகப் படியெடுக்க இயலாது. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடமும் ஓடவிட்டே ஆக வேண்டும். இசையைப் போலன்றிப் பேச்சுக்குக் குறைந்த அளவே போதும் என்பதால் 64 கிலோபிட் அளவில் பதிந்தனர். ஒரு நாடா முழுவதும் ஏறத்தாழ 29 மெகாபைட்டில் அடங்கிற்று.

முதலிரண்டு நாடாக்கள் தெளிவாக ஒலித்தன. மூன்றாவது நாடாவின் பின்பக்கத்தில் மும்பை மழைக்காலத்து ஈரத்தால் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதிலிருந்து இரைச்சலைத் தவிர வேறொன்றும் எழவில்லை. "நாடாக்களை எறிந்துவிடாதே. கோப்புகளையும் இரண்டு இடங்களில் சேமித்துவை" என்று ஆசிரியை அறிவுறுத்தினார்.

லேமிங்டன் சாலையில்

ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூவரும் மாகிம் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினர். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லேமிங்டன் சாலை அங்கிருந்து அண்மையில் உள்ளது. கடைக்காரர் இந்தியில் பேச, பேத்தி அதை ஆச்சிக்குத் தமிழில் சொன்னாள்.

முதலில் கண்ணைக் கவரும் மெல்லிய கருவி ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். அதன் கொள்ளளவு 64 ஜிபி. முகப்பு முழுவதும் தொடுதிரை. பேத்திக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதை ஆச்சியின் கையில் கொடுத்தாள். ஆச்சி விரலை வைத்தவுடன் பாட்டு மாறியது. விரலை எடுத்தால் வேறொன்று வந்தது. "இது என் கைக்குப் பிடிபடவில்லையே, தாயி" என்றார் ஆச்சி.

அடுத்து வந்தது செங்கல் அளவிலான ஒரு பெட்டி. மேற்புறத்தில் புடைத்த பொத்தான்கள் ஐந்து; உள்ளேயே ஒலிபெருக்கி; நினைவட்டை செருக இடம்; பேச்சைப் பதிவு செய்யும் வசதி. ஆச்சி பொத்தான்களை விரலால் தடவிப் பார்த்தார். நடுப்பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும், மீண்டும் அழுத்தினால் நிற்கும் என்பதை இரண்டே முறையில் கற்றுக்கொண்டார்.

பேத்தி தான் கொண்டுவந்த நினைவட்டையை அதில் செருகினாள். இரு குறைகள் தெரிந்தன. தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் வெறும் கட்டங்களாகத் தோன்றின. பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், கோப்பு முதலிலிருந்தே ஒலித்தது. ஒரு மணி நேரப் பேச்சை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்பது எப்படி? அவள் எண்ணிப் பார்த்தாள். கோப்புகளைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, 01, 02 என எண்ணிட்டால் இரு குறைகளும் நீங்கும் எனக் கண்டாள். வாங்குவதற்கு முன் சோதித்ததால் குறையும் தெரிந்தது. அதைத் தீர்க்கும் வழியும் தெரிந்தது.

விலை 1,600 ரூபாய். தந்தை ரசீதும் ஓராண்டு உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெற்றார்.

பதினாறாவது கோப்பு

திங்கட்கிழமை ஆசிரியையின் உதவியுடன் கோப்புகளைப் பிரித்தாள். பதினைந்து கோப்புகள் கிடைத்தன. அன்று மாலை ஆச்சி தாமே பொத்தானை அழுத்தினார்.

பெட்டியிலிருந்து தாத்தா பேசினார். "மழை விடவே இல்லை. இருநூறு ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா? சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறானா? படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்."

அந்தச் சின்னவன், வேலையிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தந்தைதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மும்பைக்கு வந்தவர் அவர். உள்ளே வராமல், அந்தக் கோப்பு முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு மகளின் புத்தகப்பையைத் தரையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார்.

பதினைந்தும் முடிந்தபின், "மூன்றாவது கேசட்டில் பாதி அழிந்துபோயிற்று, ஆச்சி" என்று பேத்தி வருத்தத்துடன் சொன்னாள்.

"அழிந்தால் என்ன? அதில் அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி.

பேத்தி பதிவுப் பொத்தானை அழுத்தி, பெட்டியை ஆச்சியின் அருகில் வைத்தாள். ஆச்சி சொல்லத் தொடங்கினார். அதுவே பதினாறாவது கோப்பு.

வாங்கும்முன் எண்ணிப் பார்க்க

1. கேட்பவர் யார்? அவருடைய கண்ணுக்கும் கைக்கும் செவிக்கும் எது பொருந்தும்?
2. அவர் கேட்க விரும்புவது எது? நம்மிடம் உள்ள கோப்புகளை அக்கருவி ஏற்குமா?
3. நினைவட்டையை மாற்ற இயலுமா? மின்கலம் எத்தனை மணி நேரம் நிற்கும்?
4. விட்ட இடத்திலிருந்து தொடருமா? தமிழ் எழுத்துகள் தெரியுமா?
5. ரசீதும் உத்தரவாதமும் உண்டா?

செவியைக் காப்போம்: சிறுவர்கள் 75 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒலி கூடக் கூடக் கேட்கும் நேரத்தை விரைவாகக் குறைக்க வேண்டும். தண்டவாளத்தின் அருகிலும் சாலையைக் கடக்கும்போதும் காதில் செவிப்பொறி இருத்தலே கூடாது.

சொல்லும் பொருளும்

ஒலிநாடா – ஒலியைப் பதியும் காந்த நாடா
எண்மிய – எண்களாக மாற்றப்பட்ட
கோப்பு – கணினியில் சேமித்த பதிவு
நினைவட்டை – மெமரி கார்டு
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் பூசணம்
செவிப்பொறி – இயர்போன்

இலக்கணம் அறிவோம்

'கு' என்பது நான்காம் வேற்றுமை உருபு. கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை ஆகிய பொருள்களில் வரும்.

ஆச்சிக்குக் கொடுத்தாள் – கொடை
வேலைக்கு வந்தார் – பொருட்டு
ஆச்சிக்குப் பேத்தி – முறை

இவ்வுருபு விரிந்து வருமிடத்து, அதனை அடுத்து வரும் க, ச, த, ப மிகும்.

மதிப்பீடு

அ) பொருத்தமான இடங்களில் வல்லின மெய்யிட்டு எழுதுக.
1. பேத்திக்கு__ பிடித்தது
2. ஊருக்கு__ சென்றார்
3. யாருக்கு__ தெரியும்?

ஆ) குறுவினா
1. தாத்தா கடிதம் எழுதாமல் ஒலிநாடா அனுப்பியது ஏன்?
2. எம்பி3 முறையில் பாடல் குறைந்த இடத்தில் அடங்குவது எவ்வாறு?
3. தொடுதிரைக் கருவி ஆச்சிக்குப் பொருந்தாமைக்குக் காரணம் என்ன?

இ) சிறுவினா
1. கடையில் தெரிந்த இரு குறைகளையும் பேத்தி கண்ட தீர்வையும் எழுதுக.
2. தந்தை மகளின் புத்தகப்பையை எடுத்து மாட்டியதிலிருந்து நீ உணர்வது யாது?

ஈ) கணக்கிடுக
64 கிலோபிட் அளவில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு 29 மெகாபைட் தேவை எனில், ஆச்சியின் இரண்டரை நாடாக்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கற்பவை கற்றபின்

உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம், மும்பைக்கு வந்த முதல் நாளைப் பற்றிப் பேசச் சொல்லிப் பத்து நிமிடம் பதிவு செய். முன்னதாக அவரது இசைவைப் பெறு. பதிவை இரண்டு இடங்களில் சேமித்துவை. அதில் நீ முதன்முறையாகக் கேட்ட தமிழ்ச் சொற்கள் ஐந்தைப் பொருளுடன் எழுதி வகுப்பில் படித்துக் காட்டு.