கிணற்றுக்கு எவ்வளவு வெளிற்றும் தூள்?

2011 சனவரியில் மட்டக்களப்பைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் கழுவி, ஊறிவரும் நீரில் வெளிற்றும் தூள் இடுகிறோம். இதற்குக் கைப்பிடிக் கணக்கு உதவாது. குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் தூள் வீண், நீரும் வாயில் வைக்க முடியாது.

கரடியனாற்றில் ஒரு கிணற்றின் விட்டம் 2 மீற்றர், நீரின் ஆழம் 1.3 மீற்றர் என்போம். விட்டத்தின் பாதி 1 மீற்றர். 3.14 × 1 × 1 × 1.3 = ஏறக்குறைய 4 கனமீற்றர்; அதாவது 4,000 இலீற்றர். இலீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரீன் வீதம் 80 கிராம் வேண்டும். புதிய தூளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே குளோரீன். ஆகவே 240 கிராம் தூள். திறந்து கிடந்த பழைய தூள் வலுவிழந்திருக்கும்; அதை நம்பவேண்டாம்.

தூளை வாளி நீரில் கரைத்து, தெளிந்ததை ஊற்றி, இரவு முழுதும் விடுவோம். காலையில் மணம் நீங்கும்வரை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த பின்பே குடிப்போம்.