மீன்தொட்டியில் யார் யாரோடு இருக்கலாம்?

வகுப்பறையில் மீன்தொட்டி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அரியலூர் மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொட்டியில் நீர் நிரப்பி, பெரம்பலூரில் வாங்கிய மீன்களை அப்படியே விட்டேன். தங்கமீன், ஏஞ்சல், டைகர் பார்ப், கப்பி, நியான் டெட்ரா என ஐந்து வகை. எல்லாம் கண்ணுக்கு அழகு என்பதைத் தவிர வேறு காரணம் பார்க்கவில்லை.

திங்களன்று கப்பிகளின் வால் கிழிந்திருந்தது. நியான் டெட்ராக்களில் இரண்டைக் காணவில்லை. புதன்கிழமைக்குள் மேலும் நான்கு மிதந்தன. “டீச்சர், இதுங்கள ஒண்ணா போட்டது நாமதானே?” என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

உயிர் பிழைத்த மீன்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

1. தண்ணீர் ஒத்துவருமா?

இரண்டு பாட்டில்களில் சம அளவு மழைநீரும் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் எடுத்தோம். சம அளவு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினோம். (சலவைத்தூள் இதற்கு உதவாது, சோப்புதான் வேண்டும்.) மழைநீர் பொங்கி நுரைத்தது, கிணற்று நீரில் வெண்திரை மட்டும் படர்ந்தது. அது கடின நீர்.

ஏன் கடினம்? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலுக்கடியில் இருந்தது. அன்றைய கடலுயிர்களின் ஓடுகள் சுண்ணாம்புக்கல்லாயின. அதிலிருந்து கரையும் கால்சியம்தான் இன்று நம் பானைக்கு அடியில் படிகிறது. கப்பி, பிளாட்டி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இந்த நீர் பிடிக்கும். நியான் டெட்ராவோ அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்குப் பழகியது. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. நம் கோடையில் மற்ற மீன்களோடு அதற்கு ஒத்துவராது.

2. குணம் ஒத்துவருமா?

டைகர் பார்ப் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும். கப்பியின் வால் கிழிந்தது இதனால்தான். வளர்ந்த ஏஞ்சல், வாயில் நுழையும் சிறுமீனை விழுங்கிவிடும். காணாமல் போன டெட்ராக்கள் பெரும்பாலும் அதன் வயிற்றுக்குள்தான் போயிருக்க வேண்டும். ஆண் சண்டைமீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது. “கெட்ட மீனா டீச்சர்?” என்று கேட்டார்கள். இல்லை, அது அதன் இயல்பு. தவறான துணையைச் சேர்த்தது நாம்.

3. இடம் போதுமா?

எங்கள் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 25 செ.மீ. உயரத்துக்கு நீர் என்றால் 45,000 கன செ.மீ., அதாவது 45 லிட்டர். கடையில் பார்க்கும் மீன் பெரும்பாலும் குஞ்சுதான். ஏஞ்சல் 15 செ.மீ., தங்கமீன் 20 செ.மீ.கூட வளரும். முழு வளர்ச்சி அளவில் மீன்களைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொன்னேன். வரைந்ததைத் தொட்டியோடு ஒப்பிட்டதும், நான் விளக்க எதுவும் மிச்சமில்லை.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை வேண்டிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரே நாளில் எல்லா மீனையும் விட்டது அடுத்த பிழை. இம்முறை மூன்று மீனோடு தொடங்கினோம். மற்றவை அடுத்த மாதம்தான் வந்தன. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுகிறோம். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறோம். பாக்டீரியா பிழைக்க வேண்டுமே!

மாணவர்களின் தேர்வு

ஆண் கப்பி ஆறு, ஆண் பிளாட்டி மூன்று. ஆணுக்கு அடித்துடுப்பு குச்சிபோல் நீண்டிருக்கும். பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆண் இல்லாவிட்டாலும், முன்பே சேமித்த விந்தணுவால் பல மாதம் ஈனும். பெருகும் மீன்களை என்ன செய்வது?

“ஏரியில விட்டுடலாம்” என்றான் ஒருவன். அங்கேதான் பாடத்தின் முக்கியமான பகுதி தொடங்கியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரலளவில் விற்கப்படும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் கொண்டுபோய் விடப்பட்டு, தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. நம் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் தலமானது. பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்திறங்கும் அந்த நீரில் அயல் மீனை விடலாமா?

“சுகாதாரத் துறையே கொசுவுக்குக் கப்பி விடுதே?” என்று ஒருத்தி மடக்கினாள். நல்ல கேள்வி. ஊற்றோ ஓடையோ சேராத தொட்டி வேறு, நாட்டு மீன்கள் வாழும் ஏரி வேறு என்று பேசி முடிவுக்கு வந்தோம். தொட்டி மீனை ஏரி, குளம், வாய்க்கால் எதிலும் விடுவதில்லை என்று வகுப்பே எழுதிக் கையொப்பமிட்டது.

உங்கள் பள்ளியில் தொட்டி வாங்க வசதி இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். மீன்களின் பெயர், நீர், குணம், வளரும் அளவு எழுதிய அட்டைகளைக் கொடுத்து, சேரும் கூட்டத்தைக் குழுக்களாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், காரணம் கேளுங்கள். வாங்கும் முன் விசாரிக்க வேண்டும் என்பதை நான் மீன்களைப் பறிகொடுத்துக் கற்றேன். உங்கள் மாணவர்கள் அட்டைகளிலேயே கற்கட்டும்.