கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னித் தடுப்பூசி: இரண்டாம் தவணையின் இன்றியமையாமை

நெய்யாறு அணையை ஒட்டியுள்ள கள்ளிக்காடு, கேரளத்தின் பாறசாலை சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த ஊராட்சியாகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையின் இருபுறமும் கொள்வினை கொடுப்பினை தொடர்கிறது. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கமும் உண்டு. தடுப்பூசித் திட்டத்தைச் செயற்படுத்துவோர் இவ்வழக்கத்தைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

நோயும் அதன் ஒழிப்பும்

ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்தால் அவை சிசுவின் உடலிற் புகக்கூடும். முதல் இரு நாள்கள் நன்கு பால் குடித்த சிசு, அதன்பின் வாய் இறுகிப் பால் குடிக்க இயலாமல் இறக்க நேரிடுகிறது. 1988இல் உலகில் சுமார் 7,87,000 சிசுக்கள் இந்நோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் கர்ப்பிணிகளையும் உள்ளடக்கியது. 2015இல் இந்தியா ஒழிப்பு நிலையை எய்தியது. அதாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 உயிர்ப்பிறப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்பட்டது. ஆனால் மண்ணிலுள்ள வித்துகளை அழிக்க இயலாது. எனவே ஒவ்வொரு தாய்க்கும் ஊசி தேவைப்படுகிறது.

பாதுகாப்பு

இத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. நச்சுத்தன்மை நீக்கப்பட்ட பொருளே உள்ளது. ஆதலின் இதனால் கருவிற்கு நோய் உண்டாகாது. ஊசி போட்ட இடத்தில் வலியும், சிலருக்கு இலேசான காய்ச்சலும் தோன்றி மறையும். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து காக்கின்றன. இன்று இவ்வூசி தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தையும் சேர்த்தே அளிக்கப்படுகிறது.

இரண்டு தவணைகள்

கருவுற்றது அறிந்தவுடன் முதல் தவணையும், நான்கு வாரங்களுக்குப் பின் இரண்டாம் தவணையும் இடப்படுகின்றன. முந்தைய கர்ப்பத்தில் இரு தவணைகளும் பெற்று மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றால் ஒரு தவணையே போதும். முதற்கர்ப்பத்தில் முதல் தவணை மட்டும் தரும் காப்பு மிகக் குறைவு. அதைக் கள்ளிக்காட்டில் பெற்றவர் இரண்டாவதைப் பெறுமுன் எல்லை தாண்டிச் சென்றால், ஒரு மாநிலத்தில் அவர் இடம்பெயர்ந்தவர். மறு மாநிலத்தில் இன்னும் பதிவு பெறாதவர். இவ்விரண்டிற்கும் இடையே இரண்டாம் தவணை தவறிவிடலாம்.

தாய்–சேய் பாதுகாப்பு அட்டையை உடன் எடுத்துச் செல்லுமாறு ஆஷா பணியாளர் நினைவூட்டுவதும், தாய்வீடு உள்ள ஊரின் சுகாதாரச் செவிலியருக்கு முன்னதாகவே தெரிவிப்பதும் இதற்குரிய எளிய வழிகளாம். பதிவு எம்மாநிலத்துக் கணக்கில் சேரினும், பிறக்கும் சிசு காக்கப்படுவதே திட்டத்தின் நோக்கமாகும்.