பள்ளியைக் கூட்டிய பெண்மணியும் நம் தெருக் குப்பையும்

 



சென்ற வாரம் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். தெருமுனையில் குப்பை அள்ளும் அம்மா ஒருவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். துணியெல்லாம் ரத்தம். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "மூட்டைக்குள்ள கண்ணாடி இருந்திருக்கு அஜரத்து, தெரியாம கையை விட்டுட்டேன்" என்றார்.

முதல் நாள் அந்தத் தெருவில் வலீமா விருந்து. எச்சில் இலை, மீந்த சோறு, பிளாஸ்டிக் தம்ளர், உடைந்த பாட்டில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். அந்த விருந்தில் நானும் சாப்பிட்டேன். பரக்கத்துக்காக துஆவும் ஓதினேன். அந்த அம்மாவின் கையைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நபியவர்கள் தேடிய பெண்மணி

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த பெண்மணி ஒருவரின் சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அவர் இறந்துபோனார். தோழர்கள் அதைப் பெரிய செய்தியாக எண்ணாமல், நபி (ஸல்) அவர்களிடம் சொல்லாமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாட்கள் ஆளைக் காணாததால் நபியவர்களே விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கேயே போய் அவருக்காகத் தொழுதார்கள்.

அருமைச் சகோதரர்களே! கூட்டுகிறவரைக் காணவில்லையே என்று நபியவர்கள் தேடினார்கள். நம் தெருவைக் கூட்டுகிற அம்மா பத்து நாள் வராவிட்டால் நாம் எதைத் தேடுவோம்? குப்பை அள்ளவில்லை என்று பேரூராட்சிக்குப் புகார் சொல்லுவோம். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்போமா?

சபிக்கப்படும் மூன்று இடங்கள்

பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை நாமெல்லாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். அதன் மறுபக்கத்தையும் நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நீர்நிலை, மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்று இடங்களில் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்றார்கள். இது அபூதாவூதில் வருகிறது.

நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நீர்நிலையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். ஊருணிக் கரையில் செருப்போடு ஏறக்கூட யோசித்தார்கள். இன்று அதே கரையில் டயப்பர் கிடக்கிறது. குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் தண்ணீரைப் பார்க்கிற ஆறு. காய்ந்து கிடக்கும்போது நாம் அதில் போடுவதையெல்லாம் வெள்ளம் வரும்போது மன்னார் வளைகுடாவுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. 21 தீவுகளைக் கொண்ட அந்தக் கடல் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. நம் மாவட்டத்து மீனவர்களுக்கு ரிஸ்க் கிடைக்கும் இடமும் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. தெருவில் எரிப்பதையும் நீர்நிலையில் கொட்டுவதையும் அவை தடுத்தன. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னன. நம்மில் எத்தனை பேர் வலீமாவுக்கு அப்படித் தெரிவித்திருக்கிறோம்?

மற்றவர்களைச் சொல்வதற்கு முன்பு நம் பள்ளியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்க முன்பெல்லாம் தூக்குச்சட்டி கொண்டு வருவார்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை. அதற்குப் பிறகும் நாம் முழுமையாக நிறுத்தவில்லை. நானும் கண்டும் காணாமல் இருந்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

ஒரு நாள் ஒதுக்குவோம்

2022 ஜூன் 3 அன்று தமிழக அரசு "என் குப்பை, என் பொறுப்பு" என்று நகரங்களின் தூய்மைக்கான மக்கள் இயக்கத்தைத் தொடங்கியது. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளைத் தூய்மைப் பணிக்கென்று வைத்தார்கள். நம் ஜமாஅத் சார்பாகவும் வருகிற இரண்டாம் சனிக்கிழமையைத் தூய்மை விழிப்புணர்வு நாளாக நடத்த இன்ஷா அல்லாஹ் முடிவு செய்திருக்கிறோம்.

1. நிர்வாகிகள் பேரூராட்சியில் பேசி வண்டி, சாக்கு, கையுறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள்.

2. ஃபஜ்ருக்குப் பின் இளைஞர்கள் பள்ளியைச் சுற்றிய தெருக்களையும் ஊருணிக் கரையையும் சுத்தம் செய்வார்கள். அள்ளியதை அங்கேயே எரிக்கக் கூடாது.

3. நம் பெண்கள் வீடு வீடாகச் சென்று குப்பையைப் பிரிக்கும் முறையைச் சொல்லுவார்கள். கண்ணாடியைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது, டயப்பரைப் பொதிந்து கொடுப்பது, இந்த இரண்டும் முக்கியம்.

4. மாற்றுமதச் சகோதரர்களையும் அழைப்போம். தெரு எல்லோருக்கும் பொதுவானது.

5. ஃபிளக்ஸ் பேனர் வேண்டாம். அதுவும் மறுநாள் குப்பைதான்.

அன்று நம் பகுதியின் தூய்மைப் பணியாளர்களை அழைத்து உட்காரவைத்து, நாம் பரிமாறிச் சாப்பிடச் செய்வோம். இலையை நாமே எடுப்போம்.

ஒரே நாளில் ஊர் சுத்தமாகிவிடாது. அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா நம் வீட்டு வாசலில் மூட்டையை அவிழ்க்கும்போது பயமில்லாமல் கையை வைக்க முடிந்தால், அந்த நாள் பயன் தந்தது என்று பொருள். குப்பையை வெளியே வைத்ததும் நம் பொறுப்பு முடிந்துவிடவில்லை. அதைத் தொடுகிற கை காயப்பட்டால் நாளை மறுமையில் நம்மிடம் கேள்வி உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களையும் வீடுகளையும் தெருக்களையும் தூய்மையாக்குவாயாக! எங்களால் காயப்பட்டவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்களால் யாருக்கும் தீங்கு வராமல் பாதுகாப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.